பிரிக்காத பொட்டலம்

“செத்தவர் வாக்கை மீறலாமா அம்மா?”

கேட்டவருக்கு அறுபது முடிந்துவிட்டது. கஞ்சி போட்ட வேட்டி, கசங்காத சட்டை. பாறையில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர் என்பது அவர் உட்கார்ந்திருந்த லட்சணத்திலேயே தெரிந்தது.

கேட்கப்பட்டவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ஓடைக்கரை அம்மா என்று பெயர். உபதேசம் செய்யமாட்டாள். காலில் விழுந்தால் திட்டுவாள். அப்படியும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

“எந்தச் செத்தவர்?”

“எங்கப்பா.”

“எப்ப சொன்னார்?”

“நேத்துக் காலையில.”

அம்மாவின் கை நின்றது.

“அவர் தவறி எத்தனை வருஷம் ஆச்சு?”

“பன்னெண்டு.”

அம்மா முறத்தை இருவருக்கும் நடுவில் தள்ளினாள்.

“மொச்சை உரிங்க முதலாளி. உரிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

*

அவர் பெயர் தனுஷ்கோடி. விருதுநகர்ப் பக்கம் ‘வெயிலுமுத்து அண்ட் சன்ஸ்’ என்றால் பருப்பும் வத்தலும் வாங்கும் யாருக்கும் தெரியும். வெயிலுமுத்து அவருடைய அப்பா. ஒற்றைக் கடையாக ஆரம்பித்தவர். மகன் கல்லூரியிலிருந்து வந்த மறுநாளே கடைக்குள் இழுத்துப்போட்டவர்.

அப்பா போன பிறகு தனுஷ்கோடி எண்ணெய் ஆலை வாங்கினார். பருப்பு ஆலையைப் பெரிதாக்கினார். மசாலாப் பொடி போட்டார். வியாபாரம் அப்பா காலத்தைப்போல் பல மடங்கு ஆகிவிட்டது.

ஆனால் கடையில் இன்றைக்கும் அவருக்கு ‘சின்ன முதலாளி’ என்றுதான் பெயர். பெரிய முதலாளி படத்தில் மாலையோடு இருந்தார். சின்ன முதலாளிக்குப் பேரன் பிறந்துவிட்டான். ‘சின்ன’ மட்டும் போகவில்லை. அவருக்கும் அதைப் போக்கிக்கொள்ள ஆசையில்லை. அந்த ஒரு வார்த்தையின் நிழலில் ஒதுங்கி நிற்பது சௌகரியமாகத்தான் இருந்தது.

பலகையில் ‘சன்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் கடையில் இருந்தது ஒரு மகன்தான். இளையவன் தவசிலிங்கம். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியை விரும்பி, வீட்டில் கேட்காமல் தாலி கட்டிவிட்டான். பெரியவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“இந்த வாசப்படியை இனி அவன் மிதிக்கக்கூடாது.”

அவனும் மிதிக்கவில்லை. அப்பா செத்தபோதுகூடத் தெருவிலேயே நின்று அழுதுவிட்டுப் போனான். அன்றைக்குத் தனுஷ்கோடி தம்பியைப் பார்த்தார். கூப்பிட வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை.

*

“அந்தத் தம்பி போன வாரம் வந்தான் அம்மா.”

“எங்க வந்தார்?”

“வீட்டுக்கு. மக கல்யாணம். பொண்டாட்டியையும் கூட்டிட்டு, தாம்பூலத் தட்டோட வந்திருந்தான். வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டான். தட்டைக் கேட்டுக்கு மேல தூக்கிக் குடுத்தான்.”

தனுஷ்கோடி ஒரு மொச்சையை உரித்துத் தோலை முறத்திலும் பருப்பைத் தரையிலும் போட்டார். அம்மா கண்டுகொள்ளவில்லை.

“‘அண்ணே, அப்பா இடத்துல இருந்து நீங்கதான் தாலி எடுத்துக் குடுக்கணும்’னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

தனுஷ்கோடிக்குக் காது சிவந்தது.

“கேட்டுச் சொல்றேன்னேன்.”

“யாரைக் கேட்டு?”

“அப்பாவைத்தான்.”

*

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

வெயிலுமுத்துவுக்குக் கடைசி நாட்களில் பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டது. ஒரு நாள் பெரிய மகனின் மணிக்கட்டைப் பிடித்து என்னவோ சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

அப்பா என்ன சொல்ல வந்தார்? தனுஷ்கோடியால் அந்த மணிக்கட்டை அதற்கப்புறம் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, அப்பா படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடி, கேள்வியை நினைத்து ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் அப்பா சரி என்கிறார். சிவப்பு என்றால் வேண்டாம் என்கிறார்.

பொட்டலம் கட்டுவது அவர் மனைவி ஜெயகனி.

ஆலை வாங்கியது இப்படிக் கேட்டுத்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இப்படித்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்று கடையின் பெயரையே விலைக்குக் கேட்டபோது முடியாது என்று சொன்னதும் இப்படித்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

சட்டமும் அவரே வகுத்திருந்தார். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்கலாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அப்பாவைச் சந்தேகப்பட்டது மாதிரி. அதை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

ஊரில் ஆறு என்று ஒன்று இருக்கிறது. அதில் மணல் லாரி ஓடும், தண்ணீர் ஓடாது. அதனால் ஒவ்வொரு தடவையும் காரை எடுத்துக்கொண்டு இந்த ஓடைக்கு வருவார்கள். ஜெயகனி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பல தடவை அம்மாவின் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இறங்கி உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

*

“நேத்து என்ன பூ வந்துச்சு?” என்றாள் அம்மா.

தனுஷ்கோடி சட்டைப் பையிலிருந்து வாழையிலையை எடுத்துப் பிரித்தார். வதங்கிய சிவப்பு அரளி.

“நாளைக்கு மறுநாள் கல்யாணம் அம்மா. என் தம்பி மக. அவ முகம்கூட எனக்குச் சரியாத் தெரியாது. போகணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. அப்பா வேண்டாங்குறாரு.”

குரல் உடைந்தது. மெனக்கெட்டுத் தொண்டையைச் செருமி அதை மறைக்கப் பார்த்தார்.

“போனா அப்பாவுக்குத் துரோகம். போகாட்டித் தம்பிக்கு. நான் என்ன செய்யட்டும்? நீங்க போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிர்றேன். போகாதேன்னா இருந்துக்கிறேன்.”

“ஓஹோ. அடுத்த படம் நானா?”

தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா இன்னும் இரண்டு மொச்சை உரித்தாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டாள்.

“துவரை மூட்டை வந்து இறங்குது முதலாளி. அனுப்பினவர் உங்களுக்கு ரொம்ப வேண்டியவர். குத்தூசி போட்டுப் பார்ப்பீங்களா, அப்படியே உள்ள அனுப்பிருவீங்களா?”

மூட்டையைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் சரக்கைக் குத்தி எடுத்துப் பார்க்கும் இரும்புக் கருவிதான் குத்தூசி. அந்தப் பேச்சு வந்ததும் தனுஷ்கோடியின் முதுகு நிமிர்ந்தது.

“வேண்டியவராவது, வேண்டாதவராவது! மேல ஒரு குத்து, நடுவுல ஒரு குத்து, அடியில ஒரு குத்து. மேல நல்ல சரக்கைக் காட்டி அடியில புழுப் பருப்பை வச்சிருப்பான். அடிச்சரக்கைப் பார்க்காம ஒரு மூட்டையை உள்ள விடமாட்டேன்.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“அப்பாதான். கடையில உக்காந்த முதல் நாளே சொன்னது.”

“வேண்டியவரா இருந்தாலும்?”

“நான் அனுப்பினாலும் குத்திப் பாருன்னாரு.”

அம்மா கையைத் தட்டித் தூசியை உதறினாள்.

“அந்த இன்னொரு பொட்டலம் எங்க?”

தனுஷ்கோடி கார் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

*

காரில் காத்திருந்த ஜெயகனி இறங்கி வந்தாள். பொட்டலத்தை முந்தானைக்குள் பிடித்திருந்தாள்.

“குடு தாயி,” என்றாள் அம்மா.

“இது ஓடைக்குப் போறதும்மா.”

“ஓடை எங்கேயும் போயிடாது. அவர் கையில குடு.”

ஜெயகனி கணவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டவுமில்லை, மடக்கவுமில்லை. அவள் அந்தக் கையில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

நார் இறுகியிருந்தது. தனுஷ்கோடி பல்லால் கடித்து அவிழ்த்தார்.

சிவப்பு அரளி.

அவர் இந்தக் கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். இரண்டிலும் சிவப்பு.

“மாத்திக் கட்டிட்டியா ஜெயகனி? வெள்ளை எங்க?”

“வெள்ளை வைக்கல.”

“மறந்துட்டியா?”

“மறக்கலங்க. தெரிஞ்சுதான் கட்டினேன்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும் என்பார்கள். தனுஷ்கோடியின் வீட்டில் பூசாரி இத்தனை நாளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நேத்து மட்டுமா?” என்று கேட்டார்.

“எப்பவும்தான்.”

*

அவருக்கு வந்த கோபத்தில் பாறையிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அம்மா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. அந்தத் தாயி சொல்லட்டும்.”

ஜெயகனி நின்றபடியே சொன்னாள்.

“முதல் தடவை ஆலை வாங்குறதுக்குக் கேட்டீங்க. அன்னைக்கு விடியுமுன்ன எந்திரிச்சுப் போய், மூடிக் கிடந்த ஆலைக் கதவைத் தடவிப் பார்த்துட்டு வந்தீங்க. சட்டையெல்லாம் துரு. வந்து, ‘ஜெயகனி, நாரை நல்லா இறுக்கிக் கட்டு’ன்னீங்க. சிவப்பு வந்துட்டா இந்த மனுசன் ஒடிஞ்சு போயிருவாரேன்னு எனக்குப் பயமாப் போச்சு. ரெண்டுலயும் வெள்ளையை வச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் பழகிருச்சு. உங்களுக்கு ஒரு காரியம் பிடிச்சிருந்தா, இறுக்கிக் கட்டுன்னு சொல்லுவீங்க. பிடிக்கலன்னா ஒண்ணும் சொல்லமாட்டீங்க. வெளியில போய் உக்காந்து செருப்பைத் துடைப்பீங்க.”

“செருப்பையா?”

“துடைச்ச செருப்பையே திரும்பத் திரும்பத் துடைப்பீங்க. கடைப் பேரை விலைக்குக் கேட்டாங்களே, அன்னைக்கு என் செருப்பையும் சேர்த்துத் துடைச்சு வச்சிருந்தீங்க. நான் ரெண்டுலயும் சிவப்பை வச்சேன்.”

தனுஷ்கோடிக்கு வாய் திறந்தபடியே இருந்தது.

“அப்ப, ஆலை…”

“நீங்கதான்.”

“நம்ம மாப்பிள்ளை?”

“அவர் ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டப்பவே நீங்க முடிவு பண்ணிட்டீங்க. நான் பூவைத்தான் வச்சேன்.”

“அப்பா?”

ஜெயகனி அவர் கையிலிருந்த பூக்களைப் பார்த்தாள்.

தனுஷ்கோடி மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை பாறையில் நன்றாகவே உட்கார்ந்தார், வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல்.

பன்னிரண்டு வருஷம். எதெல்லாம் அப்பாவின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து அந்தப் படத்துக்கு மாலை மாற்றினாரோ, அதெல்லாம் அவருடையது. யாரும் மேலே இருந்து கை கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தனியாக நடந்து வந்திருக்கிறார். நியாயமாகப் பார்த்தால் இதைக் கேட்டு அவருக்கு நடுங்கியிருக்க வேண்டும். ஆனால் வந்தது சிரிப்பு. முதலில் மூக்கில் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதுகில் தூக்கி வந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

*

சிரிப்பு பாதியில் நின்றது.

“இரு, இரு. அப்ப இந்தத் தடவை? எனக்குத் தம்பி வீட்டுக்குப் போகணும்னுதானே இருந்துச்சு? எதுக்குச் சிவப்பு வச்சே?”

ஜெயகனியின் முகம் மாறியது.

“நீங்க செருப்பைத் துடைச்சீங்க.”

“நானா?”

“தம்பி கேட்டுப் பக்கம் நின்னுட்டுப் போனாரே, அன்னைக்கிலிருந்து துடைக்கிறீங்க. நேத்து விடியக்காலையும் துடைச்சீங்க. வீட்டுல இருக்கிற அத்தனை செருப்பையும் துடைச்சாச்சு. இவருக்குத் தம்பி வேண்டாம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“வேண்டாம்னு இல்ல ஜெயகனி.” அவர் சொல்லத் தடுமாறினார். “பயம். அப்பா முன்னால நின்னு இதைக் கேட்கவே பயமா இருந்துச்சு.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்கு என்ன தோணுச்சு?”

“எனக்கா?” அவள் ஓடையைப் பார்த்தாள். “கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப உங்க தம்பிக்கு அரைக்கால் சட்டை வயசு. அந்தச் சிவப்புப் பூவை அழுதுக்கிட்டேதான் கட்டினேன்.”

“அப்ப வெள்ளையை வச்சிருக்கலாமே!”

“என் இஷ்டத்துக்கு ஒரு நாளும் கட்டினதில்லங்க,” என்றாள் ஜெயகனி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஓடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

*

தனுஷ்கோடி அம்மாவின் பக்கம் திரும்பினார். பழக்கம் யாரை விட்டது?

“அம்மா, அப்ப நான் கல்யாணத்துக்குப் போகலாமா?”

அம்மா முறத்திலிருந்து இரண்டு மொச்சைகளை எடுத்தாள். கைக்கு ஒன்றாக மூடிக்கொண்டாள். இரண்டு முஷ்டிகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ம். எந்தக் கை?”

முகத்தில் சிரிப்பே இல்லை.

தனுஷ்கோடியின் கை தானாக மேலே வந்தது. கண்கூட மூடிக்கொண்டது. வலது முஷ்டியைத் தொடப்போன விரல், ஒரு நூல் தூரத்தில் அப்படியே நின்றது.

கண்ணைத் திறந்தார்.

நீட்டிய கையைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் விட்டார். செல்போனை எடுத்தார்.

அம்மா இரண்டு மொச்சைகளையும் உரித்து முறத்தில் போட்டாள்.

*

அந்தக் கரையில் சிக்னல் கிடைப்பதில்லை. பெரிய பாறை ஒன்றின் மேல் ஏறினால்தான் உண்டு. அறுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெயகனி கீழிருந்து “பார்த்துங்க, பார்த்துங்க” என்று கத்தக் கத்த ஏறினார்.

“தவசி.”

எதிர்முனையில் கல்யாண வீட்டுச் சத்தம். பாத்திரம் உருட்டும் சத்தம், யாரோ யாரையோ வாழைமரம் கட்டக் கூப்பிடும் சத்தம். பிறகு எல்லாம் தள்ளிப் போயிற்று. தம்பி தனியாக வந்து நின்றிருக்க வேண்டும்.

“அண்ணே. கேட்டீங்களாண்ணே?”

“கேட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

தனுஷ்கோடியின் இடது கையில் அந்த அரளிப் பூக்கள் இன்னும் இருந்தன. இது எதிலிருந்து வந்தது, அது எதிலிருந்து வந்தது என்று இப்போது சொல்ல முடியாது. அவர் விரலை விரித்தார். பூக்கள் ஓடையில் விழுந்து, ஒன்றாகவே போயின.

“ஒண்ணுமே சொல்லலடா.”

“அண்ணே?”

“அவர் ஒண்ணுமே சொல்லல. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.”

தம்பிக்கு இது புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவன் மூச்சு வாங்குவது பாறைவரை கேட்டது.

“அப்ப… வருவீங்களாண்ணே?”

“எப்படிடா வர்றது? நீ இன்னும் ஒழுங்காக் கூப்பிடவே இல்லையே.”

“கூப்பிட்டேனேண்ணே. நானும் அவளும் வந்து, தட்டு குடுத்து…”

“கேட்டுக்கு வெளியே நின்னு கூப்பிட்டா அது செல்லாது,” என்றார் தனுஷ்கோடி. “சாயங்காலம் பொண்டாட்டியையும் பொண்ணையும் கூட்டிட்டு வா. உள்ள வந்து கூப்பிடு.”